வராத நாட்களின் குறிப்பு



மார்ச் மாதம் பாதியை நெருங்கும்போது இங்கிலாந்தின் தென்பகுதியில் பறவை பார்ப்பவர்கள் மூன்று பறவைகளை எதிர்பார்க்கத் தொடங்குவார்கள். ஒன்று வீட்டியர். சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரியது. ஆடு மேய்ந்து கட்டையாகிப்போன புல்வெளியிலோ புதிதாக உழுத வயலிலோ நிமிர்ந்து நிற்கும், சில அடி ஓடும், மறுபடி நிற்கும். எழுந்து பறந்தால் இடுப்பு பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். வால் நுனியில் குறுக்காகக் கருப்பு, வாலின் நடுவில் நெடுக்காகவும் கருப்பு. இன்னொன்று சாண்ட் மார்ட்டின், நம் தகைவிலானின் குடும்பத்தைச் சேர்ந்தது. மேலே மண் நிறம், கீழே வெள்ளை, மார்பின் குறுக்கே பழுப்புப் பட்டை. சரளை அள்ளிய பள்ளங்களில் நீர் நிறைந்து ஏரியாகிவிட்ட இடங்களில் தண்ணீரை ஒட்டித் தாழப் பறந்து பூச்சி பிடிக்கும். மூன்றாவது சிஃப்சாஃப். ஆறிலிருந்து ஒன்பது கிராம் எடையுள்ள சிறிய கதிர்க்குருவி. இன்னும் துளிர் விடாத மரத்தின் உச்சியில் உட்கார்ந்து இரண்டே ஒலிகளை மாற்றி மாற்றிப் பாடிக்கொண்டிருக்கும். தகைவிலான் வர ஏப்ரல் ஆகும், உழவாரன் வர மே பிறக்க வேண்டும். ஆகவே இந்த மூன்றில் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டால் குளிர்காலம் முடிகிறது என்று கொள்வது அங்கே வழக்கம். அந்தத் தேதியைக் குறித்து வைப்பதும் வழக்கம்.

அந்தத் தேதியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். பலர் பெரிதாக நினைப்பது பறவையைக் கண்ட நாளை. அந்த நாளுக்குப் பொருள் வருவது அதற்கு முன்னால் அதே இடத்துக்குப் போய்ப் பறவையைக் காணாமல் திரும்பிய நாட்களால்தான் என்பது என் கருத்து. ஒருவர் மார்ச் 16 அன்று ஏரிக்கரைக்குப் போய் சாண்ட் மார்ட்டினைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முன் அவர் அங்கே போனது பிப்ரவரி கடைசியில் என்றால், அவர் குறிப்பு நமக்குச் சொல்வது இவ்வளவே: பறவை அந்த இரண்டு வாரங்களில் எப்போதோ வந்திருக்கிறது. மார்ச் 15, 14, 13 ஆகிய நாட்களிலும் போய், இல்லை என்று எழுதி வைத்திருந்தால் அதே தேதி வேறு எடையைப் பெறுகிறது. முதல் ஆளுடையது தற்செயலாக நேர்ந்த பார்வை, இரண்டாம் ஆளுடையது அளவீடு. இருவர் நோட்டிலும் இருப்பது மார்ச் 16 என்ற ஒரே தேதிதான்.

இதற்குச் சிறந்த சாட்சி சிஃப்சாஃப். இந்தப் பறவைகளில் பெரும்பாலானவை குளிர்காலத்தை மத்தியதரைக் கடலோரத்திலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் கழிக்கின்றன. ஆனால் ஒரு சிறு பங்கு தென் இங்கிலாந்திலேயே தங்கிவிடுகிறது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சுற்றியுள்ள புதர்களும் நீரோடை ஓரத்து வில்லோ மரங்களும் அவற்றுக்குப் பிடித்த இடங்கள், ஏனென்றால் உறைபனிக் காலத்திலும் அங்கே பூச்சி கிடைக்கும். இப்போது மார்ச் 3 அன்று ஒருவர் அப்படிப்பட்ட புதரில் ஒரு சிஃப்சாஃபைப் பார்க்கிறார். அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததா, அங்கேயே இருந்ததா? பறவையைக் கையில் பிடித்துப் பார்த்தாலும் பெரும்பாலும் விடை கிடைக்காது. ஜனவரி முழுவதும் அந்தப் புதருக்கு வாரம் தவறாமல் போய் வந்தவருக்குத்தான் விடை தெரியும். ஜனவரியில் மூன்று இருந்து இப்போதும் மூன்றே இருந்தால் எதுவும் வரவில்லை என்று கொள்ளலாம். ஒன்றுகூட இல்லாத இடத்தில் இன்று ஒன்று பாடினால் பெரும்பாலும் அது வந்த பறவை. தூரத்திலிருந்து அன்று ஒருநாள் மட்டும் வந்துபோகும் வல்லுநரால் சொல்ல முடியாததை, அந்த இடத்தையே சுற்றிவரும் சாதாரண ஆளால் சொல்ல முடிகிறது. ஒருவர் தன் வீட்டுக்கு அருகே திரும்பத் திரும்பப் பார்க்கும் இப்படிப்பட்ட சிறு பகுதியை அங்கே ‘பேட்ச்’ என்கிறார்கள். ஒரு ஏரி, ஒரு தோப்பு, ஒரு கல்லறைத் தோட்டம், எதுவாகவும் இருக்கலாம். இடத்தில் சிறப்பு எதுவும் தேவையில்லை, திரும்பத் திரும்பப் போவதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது.

இந்த வழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. நார்ஃபோக் மாவட்டத்தில் ஸ்ட்ராட்டன் ஸ்ட்ராலெஸ் என்ற ஊரில் வாழ்ந்த ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736இல் இளவேனிலின் அடையாளங்களைக் குறிக்கத் தொடங்கினார். எந்த நாளில் முதல் பூ மலர்ந்தது, ஓக் மரம் எப்போது துளிர்த்தது, தகைவிலான் எப்போது வந்தது, குக்கூ எப்போது கூவியது என்று 27 அடையாளங்கள். 1789இல் ராயல் சொசைட்டி அவற்றை வெளியிட்டது. அவர் இறந்த பிறகு அவர் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். 1958இல்தான் அது நின்றது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரே குடும்பம், ஒரே தோட்டமும் அதன் சுற்றுப்புறமும். பின்னாளில் ஆய்வாளர்கள் இந்தக் குறிப்புகளை இங்கிலாந்தின் நடுப்பகுதிக்கான நீண்ட வெப்பநிலைப் பதிவோடு வைத்துப் பார்த்தபோது, மரங்களின் துளிர்ப்பு வெப்பத்தை எவ்வளவு நெருக்கமாகப் பின்பற்றுகிறது என்பது தெரிந்தது. மார்ஷம் ‘இன்று காணவில்லை’ என்று நாள்தோறும் எழுதவில்லைதான். ஆனால் அவர் அங்கேயே வாழ்ந்தார், நாள்தோறும் பார்த்தார். எழுதாத நாட்களையும் நாம் நம்ப முடிவது அதனால்தான். இன்று வாரம் ஒருமுறை காரில் போய் வருபவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் எழுதித்தான் ஆக வேண்டும்.

மார்ஷமோடு கடிதம் எழுதிக்கொண்டவர் ஹாம்ப்ஷயர் மாவட்டத்துச் செல்போர்ன் ஊரின் பாதிரியார் கில்பர்ட் வைட். 1789 என்று ஆண்டு குறித்து வெளிவந்த அவருடைய நூல் இன்றுவரை அச்சில் இருக்கிறது. அதுவரை ஒரே பறவை என்று எண்ணப்பட்ட சிறு கதிர்க்குருவிகளை மூன்று வேறு இனங்கள் என்று பிரித்துக் காட்டியவர் அவர். பிரிக்க முதலில் உதவியது அவற்றின் பாட்டு. சிஃப்சாஃபும் வில்லோ கதிர்க்குருவியும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். முன்னதன் கால் கருமை, பின்னதன் கால் பெரும்பாலும் வெளிர். பின்னதன் சிறகு சற்று நீளம், ஏனென்றால் அது சகாராவைத் தாண்டி இன்னும் தெற்கே போகிறது. பாட்டோ முற்றிலும் வேறு. சிஃப்சாஃப் இரண்டு ஒலிகளைத் தட்டிக்கொண்டே இருக்க, வில்லோ கதிர்க்குருவி உயரத்தில் தொடங்கித் தணிந்துகொண்டே வந்து முடிக்கும். ஒரே ஊரின் தோப்புகளில் ஆண்டுக்கு ஆண்டு அதே மாதங்களில் காது கொடுத்துக் கேட்டவருக்கே இந்த வேறுபாடு பிடிபட்டது.

ஆனால் இதே வைட் என் வாதத்துக்கு ஒரு நெருக்கடியும் தருகிறார், அதைத் தாண்டிப் போக விரும்பவில்லை. தகைவிலான்களில் சில ஊரை விட்டுப் போகாமல் எங்கோ பொந்துகளில் குளிர்கால உறக்கத்தில் கிடக்கின்றன என்ற எண்ணத்தை அவரால் கடைசிவரை முழுதாக விட முடியவில்லை. இலையுதிர் காலம் கடந்தும் இதமான ஒரு நாளில் சில பறவைகள் தோன்றுவதையும், இளவேனிலில் வந்தவை குளிர் திரும்பியதும் மறைந்துவிடுவதையும் அவர் கண்டார். பக்கத்திலேயே எங்கோ ஒளிந்திருக்க வேண்டும் என்று எண்ணினார். கண்டது உண்மை, அதிலிருந்து எடுத்த முடிவு தவறு. ஒரே இடத்தைப் பார்ப்பவர், பறவை அந்த இடத்தை விட்டு எங்கே போயிற்று என்பதைத் தன் நோட்டிலிருந்து ஒருபோதும் அறிய முடியாது. அதை அறிய வேறு கருவி வேண்டியிருந்தது. 1911இல் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஒரு வீட்டில் காலில் வளையம் மாட்டப்பட்ட தகைவிலான் 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் பிடிபட்டது. இங்கிலாந்துத் தகைவிலான் குளிர்காலத்தில் எங்கே இருக்கிறது என்பதற்கு அதுதான் முதல் நேரடிச் சான்று. ஒரு பேட்ச் எல்லாக் கேள்விக்கும் விடை தரும் என்று நான் சொல்லவில்லை. எப்போது, எத்தனை, இருந்ததா இல்லையா என்ற கேள்விகளுக்கு அது விடை தரும். எங்கிருந்து, எங்கே என்ற கேள்வியை அதனிடம் கேட்டால் வைட் போன்ற மேதையும் தடுமாறுவார்.

அடுத்த எதிர்வாதம் புள்ளியியலாளர்களுடையது, வலுவானதும்கூட. முதல் பறவை வந்த தேதி என்பது மிக மோசமான அளவு என்கிறார்கள் அவர்கள். கூட்டத்துக்கெல்லாம் முன்னால் ஓடி வரும் ஒரு பறவையைக் கொண்டு அந்த இனம் முழுவதையும் எடைபோடுவது சரியில்லை. பார்ப்பவர்கள் எண்ணிக்கை கூடினால், பறவைகள் எப்போதும்போலவே வந்தாலும் முதல் தேதி தானாக முன்னால் நகரும். பறவைகளின் எண்ணிக்கை சரிந்தால் அதே தேதி பின்னால் போகும். 1969ஆம் ஆண்டு இளவேனிலில் பிரிட்டனுக்குத் திரும்ப வேண்டிய வெண்தொண்டைக் கதிர்க்குருவிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு திரும்பவில்லை; அவை குளிர்காலத்தைக் கழிக்கும், சகாராவின் தெற்கு விளிம்பிலுள்ள சாஹேல் பகுதியின் வறட்சி அவற்றைக் கொன்றுவிட்டது. அந்த ஆண்டு ஒருவர் தன் வேலியோரத்தில் முதல் வெண்தொண்டையைச் சில நாள் தாமதமாகப் பார்த்திருந்தால், பறவைகள் தாமதமாக வந்தன என்று எழுதியிருப்பார். உண்மையில் வர வேண்டியவை செத்துப்போயின. இதோடு மனிதர்களின் வாரக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. பழைய பதிவுகளை ஆராய்ந்தவர்கள் முதல் வரவுகள் சனி, ஞாயிறுகளில் அளவுக்கு மீறிக் குவிவதைக் கண்டிருக்கிறார்கள். பறவைக்குக் கிழமை தெரியாது, பார்ப்பவருக்கு விடுமுறை அன்றுதான்.

இந்த வாதத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். கூர்ந்து பார்த்தால் இது என் பக்கத்து வாதம்தான். மேலே சொன்ன குறைகள் எல்லாம் எதனால் வருகின்றன? பார்த்ததை மட்டும் எழுதி, பாராததை எழுதாமல் விட்டதால். ஒவ்வொரு தடவை போனதையும், எவ்வளவு நேரம் இருந்தோம் என்பதையும், அன்று கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டால், பட்டியலில் இல்லாத பறவை அன்று கண்ணில் படவில்லை என்று உறுதியாகக் கொள்ளலாம். அதன்பின் முதல் தேதியைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. நூறு பட்டியல்களில் எத்தனையில் தகைவிலான் இருக்கிறது என்று வாரத்துக்கு வாரம் கணக்கிடலாம். அந்த விகிதம் ஏறும் வேகத்தைப் பார்த்து வரவின் நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்கலாம். சனிக்கிழமை பட்டியல்கள் கூடினாலும் விகிதம் அவ்வளவு எளிதில் ஏமாறாது. பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளை 2004 முதல் நடத்திவரும் ‘பேர்ட்டிராக்’ திட்டம் முழுப் பட்டியல்களைக் கேட்பது இதற்காகத்தான். இன்றைய பதிவுகளை 1960களில் எடுத்த நாள்வாரிக் குறிப்புகளோடு ஒப்பிட்டபோது, தகைவிலான் பிரிட்டனுக்கு இப்போது ஏறத்தாழ 15 நாள் முன்னதாக வருவது தெரிந்தது. அந்த ஒப்பீட்டைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், 1960களிலும் சிலர் வெறும் கையோடு திரும்பிய நாட்களைக் குறித்து வைத்திருந்தார்கள் என்பதே. அரிய பறவை ஒன்றைத் தேடி நாடு முழுவதும் ஓடியவர்களின் நோட்டுகள் அந்த வேலைக்கு உதவா.

பார்க்கவில்லை என்பதும் வரவில்லை என்பதும் ஒன்றல்ல என்று சிலர் சொல்வார்கள். நியாயம். வலசைப் பறவைகளில் பல இரவில் பறக்கின்றன. வானம் தெளிந்து தெற்குக் காற்று வீசும் இரவில் அவை நம் தலைக்கு மேல் ஆயிரக்கணக்கில் கடந்து உள்நாட்டுக்குள் போய்விடும். காலையில் ஏரிக்கரை வெறிச்சென்று இருக்கும். அதே பறவைகள் விடியற்காலையில் மழையிலோ மூடுபனியிலோ சிக்கினால் கடற்கரைப் புதர்களில் கொத்துக் கொத்தாக இறங்கும். வலசைக்கு மிக நல்ல இரவின் காலையில் ஒன்றும் தெரியாமல் போவது இதனால்தான். ஆனால் இது குறிப்பை விடுவதற்குக் காரணமாகாது, குறிப்பில் காற்றையும் மேகத்தையும் சேர்ப்பதற்கே காரணம். காற்றின் திசையோடு எழுதிய வெற்று நாட்கள் சில ஆண்டுகள் சேர்ந்தால், இந்தக் கரையில் எந்த வானிலையில் பறவை இறங்கும், எந்த வானிலையில் கடந்துபோகும் என்பது அந்த இடத்துக்கே உரிய அறிவாக உருவாகிவிடும். அதன்பின் வெற்று நாளிலும் இரண்டு வகை தெரியும்: எதிர்பார்க்க நியாயமே இல்லாத வெற்று நாள், வந்திருக்க வேண்டியவை வராத வெற்று நாள். இரண்டாவது வகை அடுத்தடுத்துச் சில நாள் தொடர்ந்தால் கவலைப்படத் தொடங்க வேண்டும்.

இந்த வேலையெல்லாம் இனி எதற்கு, ரேடார் இருக்கிறது, செயற்கைக்கோள் கருவி இருக்கிறது என்ற பேச்சும் உண்டு. ரேடார் இரவு வானில் பறவைத் திரளைக் காட்டும். அதில் எது வீட்டியர், எது சிஃப்சாஃப் என்று பிரித்துச் சொல்லாது. 2011 முதல் பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளை குக்கூக்களின் முதுகில் கருவி பொருத்தித் தொடர்ந்தது. சில ஸ்பெயின் வழியாகவும் சில இத்தாலி வழியாகவும் ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன, ஸ்பெயின் வழி போனவற்றில் சாவு அதிகம் என்ற அரிய செய்தி அதனால் கிடைத்தது. கில்பர்ட் வைட்டின் கேள்விக்கு இன்றைய விடை அது. ஆனால் குக்கூ நூறு கிராமுக்கு மேல் எடையுள்ள பறவை. ஒன்பது கிராம் பறவையின் முதுகில் அந்தக் கருவியை ஏற்ற முடியாது. ஏற்ற முடிந்தாலும், ஒரு சில பறவைகளின் பயணம் ஓர் ஊரின் தோப்பில் இந்த ஆண்டு எத்தனை வந்தன என்பதைச் சொல்லாது. கருவிகளும் கண்களும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தேடுகின்றன.

சரி, தேதி தெரிந்து என்ன பயன்? இதற்கு நெதர்லாந்திலிருந்து ஒரு விடை வந்திருக்கிறது, அது எனக்கு மனத்தை உறுத்துகிற விடை. ஹோஹே வேலுவே காட்டுப் பகுதியில் கருப்பு வெள்ளை ஈப்பிடிப்பான் பல ஆண்டுகளாகக் கண்காணிக்கப்பட்டு வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் இப்பறவை ஓக் காடுகளில் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகளுக்கு ஊட்ட ஓக் இலையில் பெருகும் கம்பளிப்புழு வேண்டும். அந்தப் பெருக்கம் சில வாரங்களே நீடிக்கும். வெப்பம் கூடியதால் மரம் முன்னதாகத் துளிர்க்கிறது, புழுவும் முன்னதாகப் பெருகுகிறது. ஆனால் ஆப்பிரிக்காவில் இருக்கும் பறவைக்கு ஐரோப்பாவில் சூடு ஏறிவிட்டது என்று எப்படித் தெரியும்? கிறிஸ்டியான் போத், மார்செல் விஸர் இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு, பறவையின் வருகை அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து முந்தவில்லை, வந்திறங்கியதும் அவசரமாக முட்டையிட்டுத்தான் அது சமாளிக்கப் பார்க்கிறது என்று காட்டியது. 2006இல் வந்த அடுத்த ஆய்வில், புழுப்பெருக்கம் மிக முன்னதாக நிகழும் காடுகளில் இந்தப் பறவை இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்துபோனது தெரியவந்தது. மரம், புழு, பறவை ஆகிய மூன்றின் தேதிகளும் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் எழுதப்பட்டிராவிட்டால் இந்த அழிவின் காரணம் யாருக்கும் புரிந்திருக்காது. வசந்தத்தில் ஒரு பறவையைக் கண்ட மகிழ்ச்சியைக் குறித்துவைக்கும் பழக்கத்துக்கு இப்படி ஒரு சுமை வந்து சேரும் என்று மார்ஷம் நினைத்திருக்க மாட்டார்.

இதையெல்லாம் தமிழ்நாட்டில் இருந்து கேட்பவர்களுக்கு, இங்கிலாந்துக் கதை நமக்கு எதற்கு என்று தோன்றலாம். அங்கே வரவின் காலமாக இருக்கும் அதே இளவேனில் இங்கே பிரிவின் காலம். தகைவிலான், வாலாட்டிகள், உள்ளான்கள் எல்லாம் ஆகஸ்ட், செப்டம்பரில் நம் வயல்களுக்கும் ஏரிகளுக்கும் வந்து, மார்ச், ஏப்ரலில் வடக்கே திரும்புகின்றன. கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்துகள் இமயத்தைத் தாண்டிப் போக வேண்டியவை. ஆகவே நமக்கு மார்ச் மாதத்தில் கேட்க வேண்டிய கேள்வி, எது முதலில் வந்தது என்பதல்ல, எது எப்போது போயிற்று என்பதுதான். இங்கேதான் நான் தொடக்கத்தில் சொன்னது இன்னும் கூர்மையாகிறது. முதல் வரவை அது நடக்கும் நாளிலேயே அறியலாம். பறவை கண்முன் நிற்கிறது. கடைசிப் பார்வையை அன்று யாராலும் அறிய முடியாது. ஏப்ரல் 9 அன்று கம்பியில் உட்கார்ந்திருந்த நான்கு தகைவிலான்கள்தான் இந்தப் பருவத்தின் கடைசி என்று ஏப்ரல் 9 அன்று சொல்ல ஒரு வழியும் இல்லை. 10, 12, 15, 20 ஆகிய தேதிகளில் அதே கம்பியின் கீழே நின்று, இல்லை என்று எழுதிய பிறகுதான் 9ஆம் தேதிக்கு அந்தத் தகுதி கிடைக்கிறது. பறவையைக் காணாத நாட்களே அந்தத் தேதியை உண்டாக்குகின்றன.

இந்தியாவில் இதற்கான முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2007இல் பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் துணையோடு தொடங்கிய ‘மைக்ரண்ட்வாட்ச்’ வலசைப் பறவைகளின் வரவை நாடு முழுவதிலும் உள்ள ஆர்வலர்களிடமிருந்து திரட்டியது. இப்போது பெரும்பாலோர் ‘இபேர்ட்’ செயலியில் பட்டியல் இடுகிறார்கள். பட்டியலை அனுப்பும் முன், அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் பதிந்திருக்கிறீர்களா என்று அது ஒரு கேள்வி கேட்கும். ஆம் என்று உண்மையாகச் சொல்ல முடியும்படி, காக்கையும் மைனாவும் உட்பட எல்லாவற்றையும் எழுதுவதுதான் அந்தப் பட்டியலின் உயிர். அரிய பறவை ஒன்றை மட்டும் பதிந்துவிட்டு விடுவது, ‘இல்லை’ என்று சொல்லும் உரிமையை நாமே கைவிடுவது.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு, அதை இங்கிலாந்தின் வழிமுறை கவனிக்கவில்லை. நம் ஏரிகளில் பறவை இருப்பதும் இல்லாததும் வடகிழக்குப் பருவமழையைச் சார்ந்தது. மழை பொய்த்த ஆண்டில் ஏரி பிப்ரவரியிலேயே வற்றிவிட்டால் வாத்துகள் பிப்ரவரியிலேயே போய்விடும். அது வலசை முந்தியதாக ஆகாது, வேறு ஏரி தேடிப் போனதாகவே இருக்கும். மழை கொட்டிய ஆண்டில் நீர் ஆழமாகி, சேற்றில் இரை தேடும் உள்ளான்கள் நிற்க இடமில்லாமல் போகும். அவை வரவே இல்லை என்று எழுதத் தோன்றும். ஆகவே நம் பட்டியலில் தேதி, நேரம், பறவைகளின் எண்ணிக்கை ஆகியவற்றோடு நீரின் நிலையும் இருந்தாக வேண்டும். மதகில் தண்ணீர் எந்தப் படிவரை நிற்கிறது, கரையோரச் சேறு எவ்வளவு அகலம் தெரிகிறது, ஆகாயத்தாமரை எந்தப் பக்கம் மூடியிருக்கிறது என்று இரண்டு வரி போதும். மார்ச் தொடக்கத்திலிருந்து மே நடுவரை, வாரத்தில் இரண்டு நாளாவது அதே கரையின் அதே தூரத்தை அதே நேரத்தில் நடந்து, ஒன்றும் இல்லாத நாளிலும் பட்டியலைக் கைவிடாமல் அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அருகே யாராவது நாள்தோறும் நடக்கிறார்கள். அவர்களில் சிலர் மே மாதத்துக்கான பட்டியல்களையும் அனுப்பத் தொடங்கினால், தகைவிலான் தமிழ்நாட்டை எந்த வாரத்தில் விட்டுப் போகிறது என்பதைச் சில ஆண்டுகளில் மாவட்டம் மாவட்டமாகச் சொல்ல முடியும்.